கிடங்கு வீடானது எப்படி? நியூயார்க் லாஃப்ட் வாடகை: ஓர் எளிய விளக்கம்

'லாஃப்ட்' என்றால் நமக்குத் தெரிந்தது சமையலறையில் தலைக்கு மேலே நீளும் பரண்தான். ஆண்டுக்கு ஒரு முறை இறங்கும் வெண்கலப் பானையும் கொலு பொம்மைப் பெட்டியும் உறங்கும் இடம். நியூயார்க்கில் வீடு தேடுகிறவருக்கு அதே சொல் வேறொரு காட்சியைக் காட்டும்: பழைய தொழிற்கூடத்தின் ஒரு முழுத் தளம், நடுவே சுவரில்லாத கூடம், வரிசையாக இரும்புத் தூண்கள், ஆளைவிட உயரமான சன்னல்கள். மன்ஹாட்டன் தீவின் சோஹோ, டிரைபெக்கா பகுதிகளில் இத்தகைய தளங்களுக்கு வாடகை மிக அதிகம். விடுகிறவரும் சரி, குடிவருகிறவரும் சரி, முதலில் பேசுவது கூரையின் உயரத்தையும் வாடகைத் தொகையையும்தான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. நகரத்தின் ஏட்டில் இந்தத் தளம் வீடா, இன்னமும் தொழிற்கூடமா? அந்தக் கேள்வி ஏன் பிறந்தது என்று புரிந்துகொண்டால் லாஃப்ட் வாடகையில் பாதி புரிந்துவிடும்.

சோஹோ என்பது ஹவ்ஸ்டன் தெருவுக்குத் தெற்கே, கெனால் தெரு வரை உள்ள பகுதி. 'ஹவ்ஸ்டனுக்குத் தெற்கு' என்பதன் சுருக்கமே அந்தப் பெயர். கெனால் தெருவைக் கடந்தால் டிரைபெக்கா. 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் இங்கே ஜவுளிக் கடைகளும் கிடங்குகளும் பட்டறைகளும் எழுந்தன. மின்விளக்கு வராத காலம். உள்ளே வேலை நடக்கப் பகல் வெளிச்சம் வேண்டும். பாரத்தைச் செங்கல் சுவர் தாங்கினால் அதில் பெரிய சன்னல் வைக்க முடியாது. வார்ப்பிரும்புத் தூண்கள் தாங்கினால் வைக்கலாம். அதனால் முகப்பையே இரும்பில் வார்த்து, துண்டு துண்டாகக் கொண்டுவந்து பூட்டி, கல்லைப் போலத் தெரியும்படி வண்ணம் பூசினார்கள். விலைப்பட்டியல் புத்தகத்தைப் பார்த்து இந்தத் தூண், அந்த வளைவு என்று வரவழைத்துக்கொள்ளலாம். பிராட்வேயும் புரூம் தெருவும் சந்திக்கும் மூலையில் 1857இல் கட்டப்பட்ட ஹாவுட் கட்டடம் இவற்றுள் பேர்பெற்றது. ஓட்டிஸ் நிறுவனத்தின் பாதுகாப்பான பயணிகள் லிஃப்ட் முதன்முதலில் மக்களை ஏற்றிச் சென்றது அங்கேதான்.

கிரீன் தெருவில் நடக்கும்போது கையில் சிறு காந்தம் ஒன்று வைத்திருங்கள். கற்றூண் என்று நினைத்ததன்மேல் வைத்தால் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். காலடியையும் பாருங்கள். நடைபாதையில் இரும்புத் தகடு பதித்து, அதில் வரிசை வரிசையாகக் கண்ணாடிக் குமிழ்கள் வைத்திருப்பார்கள். கீழே நிலவறை, மேலே நடப்பவர்களின் கால்களுக்கு இடையே விழும் வெயிலை உள்ளே அனுப்புவதற்காகச் செய்த ஏற்பாடு. பல குமிழ்கள் உடைந்து சிமெண்டால் அடைபட்டுவிட்டன. மிச்சமிருப்பவற்றில் சில, நூறு ஆண்டு வெயிலில் இளம் ஊதா நிறம் ஏறி நிற்கின்றன. ஒரு கட்டடம் வெளிச்சத்துக்காக எவ்வளவு பாடுபட்டிருக்கிறது என்று எனக்குப் புரிந்தது அந்தக் குமிழ்களைக் குனிந்து பார்த்தபோதுதான். இன்றைய வாடகை விளம்பரங்கள் முதல் வரியில் விற்பதும் அதே வெளிச்சத்தைத்தான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தொழில்கள் இங்கிருந்து ஒவ்வொன்றாக வெளியேறின. பெரிய லாரிகள் திரும்ப முடியாத தெருக்கள், மெதுவாக ஊரும் சரக்கு லிஃப்ட், அடுக்குமாடியில் பிரிந்து கிடக்கும் வேலை. நகருக்கு வெளியே ஒரே தளத்தில் விரிந்த தொழிற்சாலைகளோடு இவை போட்டியிட முடியவில்லை. அடிக்கடி தீப்பிடித்ததால் தீயணைப்பு வீரர்கள் இந்தப் பகுதியை 'நரகத்தின் நூறு ஏக்கர்' என்று அழைத்தார்கள். போதாக்குறைக்கு, நகரின் பெரிய சாலைகளைத் திட்டமிட்ட அதிகாரி ராபர்ட் மோசஸ் இதன் குறுக்கே ஒரு விரைவுச் சாலை போடத் திட்டம் வைத்திருந்தார். எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸும் அக்கம்பக்கத்து மக்களும் பல ஆண்டுகள் போராடி, 1969இல் அந்தத் திட்டம் ஒழிந்தது. ஆனால் அதுவரை, என்றைக்கு இடிபடுமோ தெரியாத கட்டடத்தில் யார் பணம் போடுவார்கள்? உரிமையாளர்கள் கிடைத்த வாடகைக்குத் தளங்களைத் தள்ளிவிட்டார்கள்.

வந்தவர்கள் ஓவியர்கள், சிற்பிகள், நடனக் கலைஞர்கள். பெரிய துணியை விரித்து வரைய இடம் வேண்டும், வெளிச்சம் வேண்டும், வாடகை குறைவாக இருக்க வேண்டும். மூன்றும் இங்கே கிடைத்தன. ஆனால் அவர்கள் கையெழுத்திட்டது வணிக ஒப்பந்தம். குடியிருக்க அதில் இடமில்லை. எந்தப் பகுதியில் எது நடக்கலாம் என்று சொல்லும் நகரத்தின் மண்டல விதிகளிலும் இடமில்லை. உரிமையாளருக்கு எல்லாம் தெரியும்; தெரியாததுபோல இருந்துகொள்வார். குடிவந்தவர்கள் தங்கள் கைக்காசைப் போட்டுக் குழாய் இழுத்தார்கள், குளியலறை கட்டினார்கள், மின்கம்பி மாற்றினார்கள், ஐம்பது ஆண்டு எண்ணெய்ப் பிசுக்கேறிய தரையைச் சுரண்டி எடுத்தார்கள். ஆய்வாளர் வருகிறார் என்றால் படுக்கையை மறைத்து வைத்தார்கள். வீட்டுக் குப்பை கண்ணில் பட்டால் மாட்டிக்கொள்வோம் என்று அதைச் சுமந்துபோய் வேறு தெருவில் போட்டார்கள். இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன். கிடங்கை வீடாக்கிய உழைப்பும் செலவும் பெரும்பாலும் வாடகைக்கு இருந்தவர்களுடையவை. பின்னாளில் வந்த சட்டங்கள் எல்லாம் அந்த உண்மைக்குப் பதில் சொல்லத்தான் முயல்கின்றன.

1961இல் நகரத்துக்கும் கலைஞர்களுக்கும் இடையே ஒரு சிறு சமரசம் ஏற்பட்டது. கலைஞர் எந்தத் தளத்தில் தங்குகிறார் என்பதைக் கட்டட வாசலில் பலகையாக மாட்ட வேண்டும். தீப்பிடித்தால் மாடியில் ஆள் இருப்பது தீயணைப்பு வீரர்களுக்குத் தெரியும். அந்தப் பலகையில் இருந்த எழுத்துகள் ஏ.ஐ.ஆர். நமக்கு அவை அகில இந்திய வானொலி. அங்கே 'இங்கே கலைஞர் குடியிருக்கிறார்' என்று பொருள். 1971இல் நகரம் சோஹோவின் மண்டல விதியைத் திருத்தியது. கலைஞர்கள் ஒரே தளத்தில் வாழவும் வேலை செய்யவும் அது அனுமதித்தது, ஒரு நிபந்தனையோடு: அவர் கலைஞர்தான் என்று நகரத்தின் பண்பாட்டுத் துறை சான்று தர வேண்டும். இந்த நிபந்தனை பழங்கதை என்று நினைத்துவிட வேண்டாம். இன்றும் வாடகைக்கு வரும் தளங்களில் இது எழுத்தில் உயிரோடு இருக்கிறது.

வாடகைக் கூடமாக மட்டுமல்லாமல், சொந்தமாக வாங்கும் வழியையும் கலைஞர்களே திறந்தார்கள். ஜார்ஜ் மசியூனஸ் என்ற கலைஞர் 1967இல் 80 வூஸ்டர் தெருவில் கலைஞர்களைச் சேர்த்துக் கூட்டுறவு முறையில் ஒரு கட்டடத்தை வாங்க வைத்தார். அடுத்த ஆண்டு சிற்பி டொனால்ட் ஜட் 101 ஸ்பிரிங் தெருவில் ஐந்து மாடி வார்ப்பிரும்புக் கட்டடம் முழுவதையும் 68,000 டாலருக்கு வாங்கினார். கலைக்கூடங்கள் வந்தன, பின்னாலேயே உணவகங்கள், உடைக்கடைகள். தொழிற்கட்டடங்களை வீடாக மாற்றுவோருக்கு 1975இல் நகரம் சொத்து வரிச் சலுகை கொடுத்தது. பெரிய முதலீட்டாளர்கள் நுழைந்தார்கள். 1973இலேயே வரலாற்று வட்டாரமாக அறிவிக்கப்பட்டதால் சோஹோவில் முகப்புகளை இடிக்க முடியாது. இடம் குறைவு, கேட்போர் அதிகம். விலை ஏறியதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இங்கே ஒரு தளத்தை மட்டும் சொல்லாமல் போக மனமில்லை. 141 வூஸ்டர் தெருவின் இரண்டாம் தளத்தில் 1977 முதல் மண் நிரம்பிக் கிடக்கிறது. வால்டர் டி மரியா என்ற கலைஞரின் படைப்பு: 3,600 சதுர அடி, 22 அங்குல ஆழம், கறுத்த மண். டியா என்ற கலை அறக்கட்டளை அதற்கு நீர் தெளித்து, கிளறி, சமன் செய்து பராமரித்துவருகிறது. படியேறும்போதே மழை பெய்து ஓய்ந்த வயலின் வாசம் வரும். பார்க்கக் கட்டணம் இல்லை. சதுர அடிக்குச் சதுர அடி காசாக்கப்படும் தெருவில் ஒரு முழு லாஃப்ட் இப்படி மண்ணுக்கே குடியிருப்பாக இருப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் ஆறுதலாக இருக்கிறது.

இனி சட்டத்துக்கு வருவோம். நியூயார்க்கில் ஒரு தொழிற்கட்டடத்தைப் பல குடும்பங்கள் வாழும் இடமாக மாற்றினால் அதற்குக் குடியமர்வுச் சான்றிதழ் வேண்டும். அங்குள்ளவர்கள் சுருக்கமாக 'சி ஆஃப் ஓ' என்பார்கள். எந்தத் தளத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று நகரத்தின் கட்டடத் துறை கொடுக்கும் ஆவணம் அது. குடியிருப்புக்கான சான்றிதழ் இல்லாத கட்டடத்தில் ஆட்களைக் குடிவைத்தால் உரிமையாளர் வாடகை கேட்டு வழக்காட முடியாது என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. வாடகை பாக்கிக்காக வெளியேற்றவும் முடியாது. மாதம் பல ஆயிரம் டாலர் பேசி முடித்த ஒப்பந்தம் அந்த ஒரு தாள் இல்லாததால் நீதிமன்றத்தில் நிற்காமல் போகலாம்.

1970களின் முடிவில் இப்படி ஆயிரக்கணக்கானோர் சான்றிதழ் இல்லாத லாஃப்டுகளில் வாழ்ந்தார்கள். உரிமையாளருக்கு வாடகை உரிமை இல்லை. குடியிருப்பவருக்கு நாளை இருப்போமா என்ற உறுதி இல்லை. 1982இல் வந்த லாஃப்ட் சட்டம் இருவருக்கும் நடுவே ஒரு வழி போட்டது. 1980 ஏப்ரல் 1 முதல் 1981 டிசம்பர் 1 வரையான காலத்தில் ஒரு முன்னாள் தொழிற்கட்டடத்தில் மூன்று குடும்பங்களாவது தனித்தனியே வாழ்ந்திருந்தால், அது 'இடைக்காலக் குடியிருப்பு' ஆகும். உரிமையாளர் அதை, இந்தச் சட்டத்தைக் கவனிக்கும் நகர அமைப்பான லாஃப்ட் வாரியத்தில் பதிய வேண்டும். தீப் பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்பச் சீரமைத்து, படிப்படியாகக் குடியமர்வுச் சான்றிதழ் பெற வேண்டும். ஒழுங்காக அந்தப் படிகளை ஏறும்வரை அவர் வாடகை வாங்கலாம். குடியிருப்பவரை விருப்பம்போல் வெளியேற்ற முடியாது. சான்றிதழ் வந்த பிறகும் வாடகை, கட்டுப்பாட்டு முறையின் கீழ்தான் உயரும். குடியிருப்பவர் தன் செலவில் கட்டிய சமையலறையையும் குளியலறையையும் அடுத்து வருபவருக்கு விற்றுவிட்டுப் போகவும் சட்டம் இடம் தந்தது. அவர் உழைப்புக்குச் சட்டம் போட்ட விலை அது.

2010இலும் 2019இலும் சட்டத்தை விரிவாக்கி, 2008–2009, 2015–2016 காலங்களில் குடியிருந்தவர்களையும் சேர்த்தார்கள். இவற்றால் பயன்பெற்றவர்களில் பலர் புரூக்ளின் பக்கத்தவர்கள். ஆனால் 1982இல் தொடங்கிய பயணத்தை இன்னும் முடிக்காத கட்டடங்கள் இன்றைக்கும் மன்ஹாட்டனில் உண்டு.

ஆகவே ஒரே தெருவில், ஒரே மாதிரி இரும்புத் தூணுக்குப் பின்னால், சட்டத்தின் கண்ணில் முற்றிலும் வேறான வீடுகள் இருக்கின்றன. ஒன்று, முழுக்கச் சீரமைத்துச் சான்றிதழ் பெற்ற காண்டோ, அதாவது ஒவ்வொரு வீடும் தனித்தனி உரிமையாளருக்குச் சொந்தமான கட்டடம். உரிமையாளர் தன் வீட்டைச் சந்தை வாடகைக்கு விடுகிறார். பக்கத்துக் கட்டடம் கூட்டுறவாக இருக்கலாம். அங்கே யாரும் வீட்டை வாங்குவதில்லை. நிறுவனத்தின் பங்குகளை வாங்கி, அதன் பேரில் ஒரு தளத்தில் வாழும் உரிமையைப் பெறுகிறார்கள். அதை நீங்கள் வாடகைக்கு எடுத்தால் உண்மையில் அது உள்வாடகை. கட்டடத்தின் நிர்வாகக் குழு சம்மதிக்க வேண்டும். பல குழுக்கள் இத்தனை ஆண்டுக்கு மேல் உள்வாடகைக்கு விடக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கின்றன. உங்கள் வங்கிக் கணக்கு முதல் பழைய வீட்டுக்காரரின் கடிதம் வரை எல்லாவற்றையும் பார்ப்பார்கள். காண்டோவில் இந்தச் சோதனை பொதுவாக இலகுவாக இருக்கும். அதற்கும் அடுத்த கட்டடம் லாஃப்ட் சட்டத்தின் கீழ் வருவதாகவோ, கலைஞர்களுக்கு மட்டும் என்று எழுதப்பட்டதாகவோ இருக்கலாம். கலைஞர் சான்று விதி நெடுங்காலமாகக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்படவில்லை. அதை நம்பிப் பலர் வாங்கினார்கள், விட்டார்கள். 2021 டிசம்பரில் நகர மன்றம் சோஹோவின் மண்டல விதியை மாற்றி, கலைஞர் தளங்களைச் சாதாரண வீடாக்கிக்கொள்ள வழி செய்தது. அதற்குச் சதுர அடிக்கு 100 டாலர் கலை நிதிக்குச் செலுத்த வேண்டும் என்றது. அந்தக் கட்டணம் நீதிமன்றம் ஏறியது. கலைஞர் தளத்தை வாடகைக்கு விட நினைக்கும் எவரும் தரகரின் பேச்சை மட்டும் நம்பாமல் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுவது நல்லது.

பணக் கணக்கு, நம் ஊர் வழக்கத்துக்கு நேர்மாறு. பத்து மாத அட்வான்ஸைக் கண்டு பழகியவர்களுக்கு வியப்பாக இருக்கும்: 2019 முதல் நியூயார்க்கில் முன்வைப்புத் தொகை ஒரு மாத வாடகைக்கு மேல் கூடாது. காலி செய்த 14 நாட்களுக்குள், பிடித்தம் இருந்தால் அதன் விவரத்தோடு, மீதியைத் திருப்பித் தர வேண்டும். விண்ணப்பிக்கிறவரின் பின்னணியைச் சரிபார்க்க வீட்டுக்காரர் 20 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது. ஆனால் நுழைவாயில் வேறிடத்தில் இருக்கிறது. ஆண்டு வருமானம் மாத வாடகையைப் போல் 40 மடங்கு இருக்க வேண்டும் என்பது ஏறக்குறைய எல்லா வீட்டுக்காரர்களும் கேட்பது. வாடகை 8,000 டாலர் என்று வைத்துக்கொண்டால் வருமானம் 3,20,000 டாலர். இல்லையென்றால் ஜாமீன் ஒருவர் வேண்டும்; அவருடைய வருமானம் 80 மடங்கு இருக்க வேண்டும் என்பார்கள். தரகுக் கூலி முன்பெல்லாம் ஆண்டு வாடகையில் 12 முதல் 15 விழுக்காடு வரை குடிவருபவர் தலையில் விழும். 2025 ஜூன் 11 முதல் தரகரை யார் அமர்த்தினாரோ அவரே கொடுக்க வேண்டும்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது கண் மயங்கும்; அதனால் கையில் அளவுநாடா இருக்கட்டும். சோஹோவின் பழைய மனைகள் பெரும்பாலும் 25 அடி அகலம், 100 அடி நீளம். சன்னல்கள் முன்னாலும் பின்னாலும் மட்டுமே. நடுப்பகுதி நண்பகலிலும் மங்கலாக இருக்கும். சட்டப்படி படுக்கையறைக்கு வெளியே திறக்கும் சன்னல் வேண்டும். எனவே நடுவில் தடுத்த அறையை விளம்பரத்தில் 'அலுவல் அறை' என்று எழுதுவார்கள். அதைப் படுக்கையறையாக எண்ணி வாடகை கொடுக்காதீர்கள். பக்கச் சுவரில் அழகான சன்னல் இருந்தால், அது மனையின் எல்லைக்கோட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். பக்கத்து மனைக்காரர் நாளை கட்டடத்தை உயர்த்தினால் அந்தச் சன்னலைச் செங்கல் வைத்து அடைக்க வேண்டியிருக்கும். கூரை உயரம் 12, 14 அடி என்பதால் பலர் பாதி உயரத்தில் மேடை கட்டி, ஏணி வைத்துப் படுக்கிறார்கள். நம் பரண் திரும்ப வந்துவிடுகிறது. அந்த மேடை அனுமதியோடு கட்டியதா என்பதைப் பார்க்க வேண்டும். தீப்பிடித்தால் புகை முதலில் சேர்வது அங்கேதான்.

மரத்தளம் ஒலியைக் கடத்தும். மேல் தளத்தில் ஒருவர் செருப்போடு நடந்தால் கீழே எண்ணலாம். அதனால்தான் தரையில் 80 விழுக்காட்டைக் கம்பளத்தால் மூட வேண்டும் என்று பல ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். குளிர்காலத்தில் சூடான காற்று உயரத்துக்குப் போய்விடும். அக்டோபர் 1 முதல் மே 31 வரை, வெளியே 55 பாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கினால் பகலில் உள்ளே 68 டிகிரி இருக்கும்படி பார்த்துக்கொள்வது கட்டட உரிமையாளரின் கடமை. இரவில், வெளியே எவ்வளவு இருந்தாலும், 62.

விடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இவ்வளவு அழகான இடத்தைச் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டால் என்ன என்ற ஆசை வரும். 30 நாளுக்குக் குறைவாக விட வேண்டுமானால் நகரத்தில் பதிவு செய்ய வேண்டும், நீங்களும் அதே வீட்டில் தங்கியிருக்க வேண்டும், விருந்தினர் இருவருக்கு மேல் கூடாது. 2023 செப்டம்பர் முதல் இதைக் கண்டிப்பாக அமல்படுத்துகிறார்கள். இன்னொன்று: சன்னல் பழசாகிவிட்டது, வாடகைக்கு விடுமுன் மாற்றலாம் என்றால், வரலாற்று வட்டாரத்தில் அதற்கும் நினைவுச்சின்னப் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதி வேண்டும்.

முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். விடை கண்டுபிடிப்பது கடினமில்லை. நகரத்தின் கட்டடத் துறை இணையத்தில் முகவரியைக் கொடுத்தால் குடியமர்வுச் சான்றிதழைக் காசில்லாமல் பார்க்கலாம். அதில் ஓர் அட்டவணை இருக்கும்: இடப்பக்கம் தளம், வலப்பக்கம் அனுமதிக்கப்பட்ட பயன்பாடு. தரைத்தளம்: கடை. இரண்டாம் தளம்: கலைஞர் வாழ்விடமும் பணியிடமும். மூன்றாம் தளம்: ஒரு குடியிருப்பு. நீங்கள் பார்த்துவிட்டு வந்த, வெயில் கொட்டிக் கிடந்த நான்காம் தளத்துக்கு நேரே விரலை வைத்துப் படியுங்கள். அங்கே 'தொழிற்கூடம்' என்று இருந்தால், புதுச் சமையலறை எவ்வளவு பளபளத்தாலும், கையெழுத்துப் போடுவதைத் தள்ளி வையுங்கள். அந்தக் கட்டடம் லாஃப்ட் வாரியத்தில் பதிந்திருக்கிறதா, பதிந்திருந்தால் எந்தப் படியில் நிற்கிறது என்று உரிமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.